முப்பத்தாறு தடவை

மட்டாஞ்சேரி,
12.5.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

சுடலைமணி எழுதுறேன். நான் சுகமாத்தான் இருக்கேன். உங்க மூட்டுவலி எப்படியிருக்கு? சாப்பாட்டுக்குக் கற்பகம் அக்கா வீட்டுக்குப் போறீங்களா, இல்ல பட்டினியா?

கேமரா கடையில வேலை பரவாயில்ல. ஊர் சுத்த வர்றவங்களுக்கு எந்தக் கேமரா தோதுன்னு நான்தான் சொல்றேன். கும்பளங்கிக்குத் தோணியில போறவங்ககிட்ட, "கனமான லென்ஸ் வேண்டாம், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் வச்சுக்கோங்க"ன்னு சொல்வேன். "ஃபிலிம் சுத்தும்போது இடதுபக்கக் குமிழும் கூடச் சுத்துதான்னு பாருங்க"ன்னும் மறக்காம சொல்வேன்.

அன்னைக்கு அதை நான் பார்க்கலப்பா. பதினாறாம் நாளுக்கு மாலை போட அம்மா படம் கேட்டிருந்தீங்கல்ல. பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வந்தப்ப நான் அம்மாவை எடுத்த அந்த ரோலை நேத்துதான் கழுவினோம். ஃபிலிம் கேமராவோட பல்சக்கரத்துல மாட்டவே இல்ல. எண் மட்டும் முப்பத்தாறு வரைக்கும் ஓடியிருக்கு. உள்ள ஒரு படமும் இல்ல. முதலாளி ரதீஷ் சேட்டன் திட்டல, சாயா வாங்கிக் கொடுத்தாரு.

நீங்க வருத்தப்படாதீங்க. அம்மாவோட ஓட்டு அட்டையை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. அதுல பயந்துபோய்ப் பார்க்கிற மாதிரி இருப்பா, இருந்தாலும் பெருசாக்கிடலாம். கவர்ல அவ ஊறுகாயும் கொஞ்சம் மிச்சமிருந்தா வைங்க.

கடைக்கு ஆள் வந்துட்டாங்க. அன்னைக்கு அம்மா ஒவ்வொரு தடவையும் சிரிச்சிட்டு, "படம் விழுந்திருச்சாய்யா?"ன்னு கேட்டா. முப்பத்தாறு தடவையும், "விழுந்திருச்சும்மா"ன்னு சொன்னேன்.

மகன்,
சுடலைமணி