முன்னே ஓடுகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை

ஈட்டென்,
கென்யா,
பிப்ரவரி 4

கிமுதாயின் அம்மா எல்செபாவுக்கு,

நீயும் மகளும் பேரப்பிள்ளைகளும் நலம்தானே? நகுருவில் மழை உண்டா? இங்கே ஒரு சொட்டு இல்லை. பசுவுக்குப் பால் வற்றிப்போனது.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். என் குரல் உள்ளே போய்விட்டது. போன வாரம் மகள், "அப்பா, கிணத்துக்குள்ள இருந்தா பேசுறீங்க?" என்று கேட்டாள். எழுத்தும் எறும்பு எழுத்தாகிவிட்டது, பொறுத்துக்கொள். எல்லாம் இந்தப் பார்க்கின்சன் நோயின் வேலை.

எல்டொரெட் டாக்டர் சொன்னதைக் கேள். "பெரியவரே, ஆடி அசைஞ்சு நடந்தாலும் நல்லதுதான். ஆனா வாரம் மூணு நாள், பேச மூச்சு வராத அளவுக்கு ஓடிப் பாருங்க. நாடி நூத்தி முப்பதைத் தொடணும். அப்படிச் செய்றவங்களுக்கு நோய் மெதுவா நகருற மாதிரி தெரியுது. சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்." மாரத்தான் ஓடினவனுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறார்!

ஆறு வாரமாக ஓடுகிறேன். சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன். ஆனால் எல்செபா, மேட்டில் மூச்சு முட்டும்போது எனக்குப் பின்னால் ஒருவன் ஓடி வருகிறான். இந்த நோயில் சிலருக்கு அப்படித் தோன்றும் என்கிறார் டாக்டர். எனக்கு அந்தக் காலடி தெரியும். வலது கால் கொஞ்சம் அழுத்தி விழும்.

தனியாக ஓடப் பயமாக இருக்கிறது. வந்துவிடேன்.

பர்னபா


நகுரு,
பிப்ரவரி 19

பர்னபா அவர்களுக்கு,

கிமுதாயின் அம்மா என்று எழுத உங்களுக்குக் கை வந்ததா? நடுங்குகிற கைக்கும் கொஞ்சம் வெட்கம் வேண்டாமா? அந்தப் பெயரால் யாரும் என்னைக் கூப்பிடக்கூடாது என்றுதானே ஒன்பது வருஷமாக இங்கே கிடக்கிறேன்.

முகம் வாடி நின்ற பத்தொன்பது வயதுப் பிள்ளையை, "ஓடினா எல்லாம் சரியாப் போயிடும்" என்று இழுத்துக்கொண்டு போனீர்கள். அந்த மேட்டிலிருந்து நாலு பேர் அவனைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். அன்றைக்கும் வேகம், இன்றைக்கும் வேகம். இப்போது அவன் வருகிறான் என்று என்னிடமே சொல்கிறீர்கள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வரமாட்டேன். மெதுவாக நடங்கள், போதும். மேட்டுப் பக்கம் போகாதீர்கள். உகாலிக் களியைப் பெரிய உருண்டையாக விழுங்காதீர்கள், இந்த நோய்க்காரர்களுக்குத் தொண்டையில் அடைக்குமாம். சந்தையில் ஒரு நர்ஸைப் பார்த்தேன், கேட்டுவைத்தேன். வேறு ஒன்றுமில்லை.

எல்செபா


ஈட்டென்,
மார்ச் 22

அன்புள்ள எல்செபா,

உன் பேச்சைக் கேட்டு நாலு வாரம் நடந்தேன். பின்னால் யாரும் வரவில்லை. ஆனால் உடம்பு கட்டையாகிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை வாசலில் திரும்பினேன், கால் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. விழுந்து நெற்றியில் மூன்று தையல். "சட்டுனு திரும்பாதீங்க, ஓடும்போது திரும்பவே கூடாது" என்று டாக்டர் திட்டினார்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன்னே ஓடுகிறவன் திரும்பிப் பார்க்கமாட்டான், அது எங்கள் ஓட்டக்காரர் கூட்டத்து வழக்கம். பின்னால் வருகிறவர்களைக் காதால்தான் கணக்கு வைப்போம். அன்றைக்கு ஏழாவது கிலோமீட்டரில் கிமுதாயின் காலடி நின்றது. எனக்குக் கேட்டது, எல்செபா. நன்றாகவே கேட்டது. 'பயல் சோர்ந்துட்டான், வெட்கப்பட்டு வரட்டும்' என்று நினைத்தேன். மிச்ச தூரத்தை ஓடி முடித்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் டீ கேட்டேன்.

ஓடினால் அவன் வருகிறான். ஓடாவிட்டால் நான் மரக்கட்டை. திரும்பி ஒரு தடவை பார்த்துவிட மனசு கிடந்து துடிக்கிறது, திரும்பினால் விழுவேன். நீ வராவிட்டால் ஓட்டத்தை அடியோடு விட்டுவிடுகிறேன். உடம்பு எப்படிப் போனாலும் போகட்டும்.

பர்னபா


நகுரு,
மார்ச் 30

கிமுதாயின் அப்பாவுக்கு,

மகள் பார்க்கக்கூடாது என்று கோழிக்கூட்டுப் பக்கம் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். "அடப் பாவி மனுஷா" என்று வாய்விட்டுக் கத்தினேன். கோழியெல்லாம் சிதறி ஓடியது.

கத்தி முடித்த பிறகு அழுதேன். நானும் ஒன்றைச் சொல்லவில்லை. அன்று காலையில் அவன் எழுந்திருக்கவே இல்லை. "அம்மா, நெஞ்சு என்னமோ பண்ணுது. அப்பாகிட்ட நீ சொல்லேன்" என்றான். நான் சொல்லவில்லை. நீங்கள் சத்தம் போடுவீர்கள், காலங்காத்தாலே சண்டை எதற்கு என்று இருந்துவிட்டேன். "எந்திரிடா, ஒரு நாள் ஓடினா உயிரா போயிடும்?" என்று போர்வையை உருவினேன். உருவினது நான்தான். பழியை மட்டும் உங்கள் தலையில் கட்டிவிட்டு வண்டி ஏறினேன்.

உங்களை நான் மன்னித்துவிட்டதாக எழுதினால் அது பொய். என்னை மன்னியுங்கள் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

ஓட்டத்தை விடாதீர்கள். வெள்ளிக்கிழமை விடிகாலையில் கிளம்புகிற முதல் மத்தாத்து வேனில் வருகிறேன். எனக்கு ஓட வராது, இடுப்பு ஒத்துழைக்காது. நிதானமாக ஓட்டுகிற மோட்டார் சைக்கிள்காரர் யாரையாவது பேசி வையுங்கள். அவர் முதுகில் என் முதுகைச் சாய்த்து, உங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து முன்னே போவேன். ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். நாடி நூற்று முப்பதைத் தொடுகிற வரைக்கும் உங்களை விடமாட்டேன்.

நீங்கள் திரும்ப வேண்டாம், நேராகப் பார்த்து ஓடுங்கள். உங்களுக்குப் பின்னால் யார் வந்தாலும் நான் பார்த்துச் சொல்கிறேன்.

எல்செபா