அணையாத பதின்மூன்று சுடர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, நவாலின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று கெய்ரோவில் ஒரு கல்யாண ஊர்வலம். பதின்மூன்று மெழுகுவர்த்தி எரியும் விளக்கைத் தலையில் சுமந்து மணமக்களுக்கு முன்னால் ஆடினேன். என்னைத் தடுமாறவைக்கவே மேளக்காரர் ஃபத்ஹி தாளத்தை விரட்டினார். விடுவேனா? இடுப்பு அதிர்ந்தது, தலை அசையவில்லை, ஒரு சுடர்கூட அணையவில்லை. கடைசியில் அவர்தான் நிறுத்தினார்.

"போதும் தாயி! என் விரலே வீங்கிப்போச்சு, உன் இடுப்பு ஓயலையே!"

ஆடுபவளின் வயிற்றைத் தொட்டால் பிள்ளை பிறக்கும் என்று இங்கே ஒரு வழக்கம்; மணமக்கள் என் வயிற்றில் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

முதுகில் கொஞ்சம் மெழுகு சொட்டிவிட்டது. மருந்து தடவத்தான் கை எட்டவில்லை. விளக்குக்கு அடியில் கட்டிக்கொள்ள உங்கள் பழைய முக்காட்டை அனுப்புங்கள்.

வண்டி வந்துவிட்டது, இன்றும் கல்யாணம். முக்காட்டைத் துவைக்காமல் அனுப்புங்கள், அம்மா.

நவால்