நீ என்னிடம் சொன்ன வலி

பத்து நாளுக்கு முன்னால் ஸ்டோர் ரூமில் எனக்கு எடுத்துக் கொடுத்த பாடி புரொடெக்டர் கவசத்தின் இடது தோள் பட்டையில் சிவப்பு நூல் தையல் இருந்தது. கறுப்புப் பட்டையைச் சிவப்பு நூலால் தைக்கிற ஆள் நம் பேட்ச்சிலேயே நீ ஒருத்திதான். "கறுப்பு நூலு தீந்துபோச்சி. இன்னா இப்போ, இத்தப் போட்டுக்கினு கல்யாணத்துக்கா போறேன்" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாயே, அதே தையல். வேறொன்று கொடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக நின்றது. மாட்டிக்கொண்டேன். உள்ளே பஞ்சில் பழைய வியர்வை வாசம். உன்னுடையதாக இருக்க வாய்ப்பே இல்லை, நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, எத்தனை பேர் மாட்டிக் கழற்றியிருப்பார்கள். ஆனாலும் ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

கலவரம் வந்தால் எப்படி நிற்பது என்கிற அதே பயிற்சிதான். உனக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் ஆயுதப்படையில் இருந்து இருந்து, எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வருகிறது. பாதிப் பேர் தலைக்கு ஹெல்மெட், மார்புக்குக் கவசம், முழங்காலுக்குத் தடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு ஷீல்டோடு வரிசையாக நிற்க வேண்டும். மீதிப் பேர் கலவரக் கூட்டம். அவர்கள் கத்திக்கொண்டு வந்து மோதித் தள்ளுவார்கள். முன்வரிசை சாயாமல் இருக்க, பின்வரிசையில் நிற்கிறவள் முன்னால் நிற்கிறவளின் பெல்ட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆறு வருஷம் என் பெல்ட்டைப் பிடித்தது உன் கை. நீ போன பிறகு பின்னால் யார் வந்து நின்றாலும் பிடிக்காதே என்று சொல்லிவிடுகிறேன். வேறொரு கை அங்கே பட்டால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது, ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணைத் துடைக்கவும் முடியாது.

அன்றும் பின்னால் நின்றவள், "புடிச்சிக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். "வேணாம்" என்றேன். கூட்டம் வந்து மோதியது. விழாமல் இருக்க உடம்பை ஒரு பக்கமாகத் திருகினேன். வலது இடுப்பில் ஏதோ சுருக்கென்று இழுத்தது. விசில் ஊதும்வரை நின்றேன். அப்புறம் முழங்கால் தடுப்பைக் கழற்றக் குனிய முடியவில்லை. யாரோ உட்கார்ந்து கழற்றிவிட்டார்கள்.

மறுநாள் டாக்டர் என்னைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், அங்கங்கே அழுத்தினார். "சின்னப் பிடிப்புதாம்மா. பயப்பட ஒண்ணும் இல்ல. பத்து நாளைக்குக் குனியாதீங்க, எடை தூக்காதீங்க, தானா சரியாப் போயிடும்" என்றார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி அழுதேன். வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்துப் பாவம், அவர் ஊசி எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்கு மானம் போய்விட்டது. "சின்னதுன்னுதான சொல்றாரு, அதுக்கு ஏண்டி இப்டி அழுவுற?" என்று பைக்கைத் தள்ளிக்கொண்டே கேட்டார். சின்னதாக இருக்கிறதே என்றுதான் அழுதேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நான் உன்னிடம் சொன்ன வார்த்தை அது. சின்னப் பிடிப்புதான்டி, தைலம் தேச்சா போயிடும். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஆறு மாசம் சொன்னேன்.

பயிற்சி முடிந்து ஓய்வறைக்கு வந்தால் நீ பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொள்வாய். நான் பனியனைத் தூக்கித் தைலம் தேய்ப்பேன். எனக்கு இப்போது பிடித்திருக்கிற இடம் இல்லை அது. இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே. அங்கே விரல் பட்டதும் உன் தோள் இரண்டும் காதுவரை ஏறும். இடுப்புப் பிடிப்பு எதுவும் இவ்வளவு மேலே இருக்காதே என்று ஒருநாள் நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். அந்த அறையில் முதுகு வலிக்காதவள் யார்? கவசத்தைக் கழற்றிப் போட்டதும் ஆளாளுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவோம், ஒரே தைல டப்பா கை மாறி மாறி ஓடும். அந்த முனகல்களோடு உன்னுடையதையும் சேர்த்துவிட்டேன்.

நீயும் நோயாளி போலவா இருந்தாய்? உன்னைக் கலவரக் கூட்டத்தில் போட்டால் மைதானமே திருவிழாவாகிவிடும். மற்றவர்கள் சும்மா ஓ என்று கத்துவார்கள். நீ மட்டும் கோரிக்கையோடு வருவாய். "மெஸ் சாம்பாருல பருப்பு எங்க? காட்டு காட்டு, பருப்பக் காட்டு!" என்று நீ கோஷம் போட, பின்னால் அத்தனை பேரும் சேர்ந்து கத்த, விசிலை வாயில் வைத்திருந்த இன்ஸ்பெக்டர் ஊத முடியாமல் திரும்பி நின்று சிரித்தார். ஷீல்டுக்குப் பின்னால் நான் சிரித்த சிரிப்பில் வரிசை உடைந்து, என்னால் எல்லோரும் மைதானத்தை மூன்று சுற்று ஓடினோம். ஓடும்போது நீ இடது விலாவைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினாய். இப்போது அதுதான் முதலில் கண்ணுக்கு வருகிறது, சிரிப்பு அப்புறம்தான் வருகிறது.

கல்வராயன் மலைக்குத் திருவிழா பந்தோபஸ்துக்குப் போனோமே, வேனில் வளைவுக்கு வளைவு நீ முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாய். வாந்தி என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைக் கீறி உன் மூக்கருகில் நீட்டினேன், மலை ஏறத் தெரியாத போலீசு என்று கிண்டல் வேறு செய்தேன். நீ பழத்தைத் தள்ளிவிட்டாய். "வாந்தி இல்லடி. படுத்தாலும் போவல, நின்னாலும் போவல. எனக்கு என்னமோ சரியாப் படல. பாண்டிக்குப் போயி பெரிய ஆஸ்பத்திரில காட்டலாமா? நீ கூட வரியா?"

இந்த பந்தோபஸ்து முடியட்டும் என்றேன். முடிந்தது. இன்னொன்று வந்தது, அதுவும் முடிந்தது. நீ மறுபடி கேட்கவில்லை. எனக்கு மறந்துவிட்டது என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து லீவு கேட்டால் நாலு கேள்வி வரும், அதற்குச் சோம்பல்பட்டேன். உன் உயிருக்கு எதிரில் நான் வைத்தது அந்தச் சோம்பலைத்தான்.

வீட்டில் சொல்லேன் என்று ஒருமுறை கேட்டபோது உனக்குக் கோபம் வந்தது. "அம்மாகிட்ட சொன்னா, கரும்புத் தோகை உரிக்கப் போறத வுட்டுட்டு என் பக்கத்துலயே உக்காந்துக்கும். பொண்ணு பாக்க வரவங்க காதுக்கும் போயிடும். உங்கிட்ட சொல்லிட்டன் இல்ல, போதும்." போதும் என்று சொன்னாய். என்னை நம்பி அதைச் சொன்னாய்.

அப்புறம் அணிவகுப்பில் நீ மயங்கி விழுந்ததும், பாண்டியில் சிறுநீரகத்தில் கட்டி என்றும் எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது என்றும் சொன்னதும் உனக்குத் தெரிந்தவைதான். "இவ்ளோ நாளா வலியே தெரியலையா?" என்று அந்த டாக்டர் எல்லோரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டபோது நான் சுவரைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். உன் அம்மா எத்தனையோ முறை கேட்டும் கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன்டி? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பொய் சொல்லும்படி ஆகியிருக்காது.

உயிரில்லாமல் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்கிட்டனா சொல்லிச்சாம்மா?"

"இல்லம்மா. எங்கிட்ட கூட சொல்லல."

அந்தக் 'கூட' என் வாயில் எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து உன் அம்மா ஊரெல்லாம் அதையே சொல்கிறார். அழுத்தக்காரி, பெத்தவகிட்டயும் சொல்லல, கூட வேல செஞ்சவகிட்டயும் சொல்லல, கல்லு மனசு. உன் படத்துக்குப் பூ வைத்துவிட்டு அந்தப் படத்தையே திட்டுவதை நான் நின்று கேட்டிருக்கிறேன். எறும்பு கடித்தால் பேரக்ஸில் அறை அறையாகப் போய்க் காட்டிவிட்டு வருகிறவள் நீ. உன்னைக் கல் மனசுக்காரி ஆக்கியது நான். செத்துப்போனவள் மேல் பழியைப் போட்டுவிட்டு உயிரோடு இருக்கிற நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பத்து நாளும் பாயில்தான் கிடந்தேன். எழுவதென்றால் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு எழ வேண்டும். தும்மல் வந்தால் பயம். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம். "கலவரத்த அடக்கறவள எழுப்பி வுட ரெண்டு ஆளு வேணும் போலக்குது" என்று வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கையைக் கொடுப்பார். நாளுக்கு நாள் வலி குறைந்தது. டாக்டர் சொன்னபடியே குறைந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. காலையில் கண் விழித்ததும் இடுப்பை அசைத்துப் பார்ப்பேன், நேற்றைக்கு இன்று பரவாயில்லை என்றால் வயிறு எரியும். ஒத்தடம் வேண்டாம் என்று முடிச்சைத் தூக்கி எறிந்தேன். வீட்டுக்காரர் பயந்துபோய் யாரையாவது அழைத்துவரட்டுமா என்று கேட்டார்.

ஏழாம் நாள் உன் அம்மா போன் செய்தார். "முதுகு வலின்னு கேள்விப்பட்டேன். டாக்டராண்ட போனியா? அவள மாதிரி வாய மூடிக்கினு இருந்துடாதம்மா. வலிச்சா வாயத் தொறந்து சொல்லணும். சொல்லாமயே போயிட்டாளே பாவி" என்றார். சரிம்மா என்று போனை வைத்தேன். அப்புறம் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை டவுன் பஸ் ஏறிக் கச்சிராயபாளையத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்து எழுவதைவிட நிற்பது மேல் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போய் வந்தது, அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உன் அம்மா வாசல் நிழலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து வருவதைப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, இந்த ஒடம்போட ஏம்மா வந்த?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"அம்மா, அவ எங்கிட்ட சொன்னா."

"இன்னாம்மா சொல்லிச்சி?"

"வலிக்குதுன்னு சொன்னா. ஆறு மாசமா சொன்னா. நாந்தான் சின்னப் பிடிப்புன்னு சொல்லிட்டேன். பாண்டிக்குப் போலாம்னு கூப்ட்டா, நான் போவல. அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேம்மா."

அறைவார் என்று நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அதற்காகத்தான் போனேன். தெருவே கூடி நின்று காறித் துப்பட்டும் என்றுதான் போனேன்.

அவர் கையில் இருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டார். "ஆறு மாசமா?"

"ஆமாம்மா."

"தெனம் சொல்லுமா?"

"பயிற்சி இருக்கற நாளெல்லாம் சொல்லுவா. நான் தைலம் தேச்சி வுடுவேன்."

"நீ தேச்சி வுடுவியா?" என்று கேட்டவர் முகம் கோணிக்கொண்டது. "நான் இன்னான்னு நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? என் பாப்பா ஒண்டியா மூலையில கெடந்து பல்லக் கடிச்சிக்கினு இருந்துச்சேன்னு. ஒருத்தரும் தொட்டுக்கூடப் பாக்கலியேன்னு. சோறு துன்ன முடியல எனக்கு. அப்போ சொல்லியிருக்குது. யார்கிட்டனா சொல்லியிருக்குது."

அழுதார். எனக்குத் திட்டே விழவில்லை. என் குற்றம் அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. நீ தனியாக இல்லை என்பது மட்டும்தான் விழுந்தது. அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்து பக்கத்தில் வந்தார். "எந்த எடம்? காட்டு."

திரும்பி நின்று, கையைப் பின்னால் வளைத்து, என் இடது விலாவுக்குக் கீழே, உனக்கு வலித்த இடத்தைக் காட்டினேன். அவர் உள்ளங்கையை அங்கே வைத்தார். தோகை உரித்து உரித்துக் காய்த்துப்போன கை. மெல்ல அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். பாப்பா, பாப்பா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தேய்த்தார். எனக்குப் பிடிப்பு இருந்தது வலது பக்கம், ஒரு சாண் கீழே. அவர் தேய்த்த இடத்தில் எனக்கு எந்த வலியும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் வந்த பஸ் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

"இப்போ கொஞ்சம் கம்மியா இருக்குதா?" என்று கேட்டார்.

"கம்மியா இருக்குதும்மா" என்றேன்.

உன் வீட்டு வாசலில் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. இதைத் திருத்த நான் போகப்போவதில்லை.