உறையாத தண்ணீர்

ஜூலை, செவ்வாய் இரவு

இதை எழுதினால் என் பேனாவே நம்பாது. ஆனாலும் சத்தியமாக எழுதுகிறேன்.

தங்கையின் மகள் துஷா, வெளியூரான மெரிலேண்ட்ஸுக்குப் போகும்போது தன் மூன்று கோழிகளையும் என்னிடம் விட்டுப் போனாள். ஜூலை இங்கே குளிர்காலம். நேற்று விடிய எங்கள் கிரெய்கிபர்னில் தென்துருவமே வந்து இறங்கியது. கோழிகளின் தண்ணீர்ச் சட்டியில் கிடந்த பனிக்கட்டியில் கப்பல் மோதினால் கப்பல்தான் உடையும். அதனால் இரவு சட்டியில் இரண்டு கைப்பிடி உப்பைக் கரைத்து வைத்தேன். உப்புத் தண்ணீர் லேசில் உறையாது.

இன்று காலை உறையவில்லை. விஞ்ஞானி மாதிரி நிமிர்ந்து நின்றேன். கோழிகளோ அலகை நனைத்துவிட்டுத் தலையை உதறின. மத்தியானம் பழுப்புக் கோழி சுருண்டு படுத்துவிட்டது.

மனைவி ராணி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"ஐயோ, இதென்ன கடலே? கோழியை ஊறுகாய் போடப் போறியளோ?"

சட்டியைக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரைச் சுமந்தேன். ஆயிரம் வாளி இருக்கும். முதுகு என்னுடையதாகவே இல்லை. பொழுதுபடும் நேரத்தில்தான் பழுப்பி எழும்பி, நாலு மிடறு குடித்தது.

பிறகு துஷா ஃபோன் எடுத்தாள்.

"மாமா, தண்ணி உறைஞ்சதே? எல்லாம் ஓகேயா?"

"உறையேல்லை பிள்ளை. மூண்டும் ராசாத்தியள் மாதிரி இருக்குதுகள்."

இப்போது வெறும் தண்ணீர்தான் வைத்திருக்கிறேன். விடிய ஐந்துக்கு எழும்பிப் பார்க்க வேண்டும். உண்மையில் நேற்றைய பனிக்கட்டி அப்பளத் தடிப்புத்தான். கப்பல் பொய், ஆயிரம் வாளியும் பொய். அந்த இரண்டு கைப்பிடி உப்பு மட்டும் உண்மை. அதைத் துஷாவுக்குச் சொல்ல நாளைக்காவது வாய் வருமோ தெரியாது.