சுதாகர், உன் சேர்வர் மெதுவானதன் காரணம்

என் பிரியமுள்ள மச்சான் சுதாகருக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வராது என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஆனாலும் உன் சேர்வரைப் பற்றிய செய்தியை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் முதலில் சொல்வது? தோட்டத்து மக்களுக்கு ஆவணம் எடுத்துக்கொடுக்கும் நம் சங்கத்து ஆட்களும் இதைப் படிக்கட்டும். நடந்ததை முழுமையாக அறிய அவர்களுக்கும் உரிமை உண்டு.

உனக்கு நினைவிருக்கும். இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நம் அலுவலகத்துக்கு அந்தப் பெட்டியைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில்தான் கொண்டுவந்தாய். அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து, ஜன்னலோரச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, நீ நின்றுகொண்டே வந்தாய். ஒரு பெட்டிக்குள் நான்கு மெய்நிகர் கணினிகள் ஓடும் என்று நீ சொன்னபோது, அது சட்டப்படி சாத்தியமா என்று வக்கீல் புத்தியில் நான் கேட்டேன். நீ சிரித்தாய். "தோட்டத்து வீட்டு வரிசை மாதிரி, மச்சான். ஒரு லயம், நாலு காம்பரா. கூரை ஒண்ணு, தண்ணிப் பைப்பு ஒண்ணு. ஆனா ஒவ்வொரு காம்பராவுக்கும் தனிக் கதவு." அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

நீ எங்களை விட்டுப் போன பிறகு அந்த நான்கு காம்பராக்களும் தளர்ந்துவிட்டன. பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் பிறப்புச் சான்றிதழின் பிரதி கேட்டால், அலுவலகத்தில் பதிவு பார்க்கும் மேரி அவர் பெயரைத் தட்டிவிட்டு, தேநீர் ஊற்றப் போய்விடுவாள். தேநீரோடு திரும்பி வந்தாலும் திரை வெறுமையாகவே இருக்கும். வந்தவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்.

"அண்ணன் போனதுல இருந்து பெட்டிக்கே மனசு சரியில்ல சேர்" என்றாள் மேரி. "கேட்டுப் பாருங்க, எப்பப் பாத்தாலும் பெருமூச்சு விடுது."

சாட்சியமாக அதை ஏற்க முடியாது என்று சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

விஷயம் செயற்குழுவுக்குப் போனது. பொருளாளர் ஆறுமுகம் அண்ணன் எழுந்தார். "எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு சேர். ஆனா சனம் வாசல்ல காத்துக் கெடக்குது. இத தூக்கிட்டு, மாசக் கட்டணத்துக்கு வெளிய ஒரு கம்பனியோட சேர்வர எடுத்துக்குவோம்." அடுத்த கூட்டத்துக்குள் சரிவராவிட்டால் பெட்டியை அகற்றுவது என்று தீர்மானம் நிறைவேறியது. அதை எதிர்த்து வாதாட என்னிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை.

தங்கை கலாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அவரு சட்டையெல்லாம் வீட்டுல மடிச்சுத்தான் இருக்கு அண்ணே. அவரு செஞ்சதுன்னு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கிறது அது ஒண்ணுதான்" என்று மட்டும் சொன்னாள். உன் மனைவி அப்படிச் சொன்ன பிறகு நான் எப்படி உட்கார்ந்திருப்பது?

எனக்குத் தெரிந்த ஒரே முறையில் விசாரணையைத் தொடங்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பயன் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டே அடுத்ததைத் தொடுவது. முதல் கேள்வி, தளர்ந்தது ஒரு கணினியா, நான்குமா? நான்கும் ஒரே அளவில் தளர்ந்திருந்தன. அப்படியானால் குற்றம் காம்பராவில் இல்லை, லயத்தில்தான். சான்றிதழ்கள் இருக்கும் ஆவணக் கணினிக்கு நீ செயலியில் அளவுக்கு மிஞ்சிய பங்கு கொடுத்துவிட்டாயோ என்று சந்தேகித்துக் குறைத்துப் பார்த்தேன். மாற்றமில்லை. நீ நிரபராதி. திரும்ப வைத்தேன்.

பிறகு அந்தக் கணினியின் பழைய நிலையை நீ அப்படியே பிடித்துச் சேமித்திருந்த ஒரு பிரதி கண்ணில் பட்டது. இவை நாட்பட்டுக் கிடந்தால் வேகத்தைத் தின்னும் என்று வாசித்திருந்தேன். அதற்கு நீ வைத்திருந்த பெயர், "மச்சான் தொடாதே". நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு நாள் இங்கே வந்து நிற்பேன் என்று எப்படியடா உனக்குத் தெரியும்? எல்லாவற்றுக்கும் வெளியே காப்புப் பிரதி எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் தொட்டேன், அழித்தேன். சிறிது பலன் கிடைத்தது, போதுமானதாக இல்லை. வன்தட்டுகள் நலம். நினைவகமும் தாராளம்.

வேறு வழியின்றி, கொழும்பில் உன்னோடு வேலை செய்த நிரோஷாவை அழைத்தேன். நாங்கள் பேசியது சிங்களத்தில், சாரத்தைத் தருகிறேன்.

"சேர், அங்கே மழையா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்லை, நல்ல வெயில்."

"அப்படியானால் அந்த இரைச்சல் என்ன?"

"அதுதான் சேர்வர்."

இரத்தினபுரியில் தகரக் கூரையின் கீழ் இருப்பவர்களுக்கு இரைச்சல் ஒரு தடயமாகத் தோன்றாது, மச்சான். வருடம் முழுக்க மழை இரைச்சலுக்குள்தானே வேலை செய்கிறோம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும்படி யாராவது மாற்றிவிட்டார்களா என்று கேட்டாள். நீ வைத்தபடி முழு வேகத்தில்தான் இருந்தது. ஆனாலும் செயலி தன் வேகத்தில் பாதிகூட ஓடவில்லை. வெப்பநிலையைப் பார்க்கச் சொன்னாள். பார்த்துச் சொன்னேன். பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன்.

"அனே சேர்..." என்றாள். அது அவர்களின் 'ஐயோ'. "முன்னால் வைத்திருப்பது சுதாகர் அண்ணனின் படமா?"

ஆம், நீதான். உன் கருமாதி முடிந்த மறுநாள் கலா கொண்டுவந்த படம். பெட்டியின் முன்பக்க வலையோடு ஒட்டிச் சாய்த்து வைத்தவள் மேரி. பெரிய பிளாஸ்டிக் மாலையைப் போட்டவர் ஆறுமுகம் அண்ணன். படத்தின் பின்னால் வெறுமையாக இருக்கிறதே என்று பெட்டியின் மேலிருந்து பின்புறம் வரை சிவப்புப் பட்டுத் துணியைப் போர்த்தியது நான். அந்த வலை வழியாகத்தான் பெட்டி குளிர்ந்த காற்றை இழுக்கிறது. கண்ணாடிச் சட்டகம் அதை அடைத்தது. துணி, உள்ளே சூடானதை வெளியே விடவில்லை. விசிறிகள் எவ்வளவு சுழன்றும் போதாமல், கருகிப்போகாமல் தன்னைக் காத்துக்கொள்ள, செயலி வேகத்தைக் குறைத்துக்கொண்டது. நீ போனதிலிருந்துதான் என்று மேரி சொன்னது உண்மை. காரணம் மட்டுமே வேறு.

காரணம் தெரிந்ததும் எனக்குப் பயம் பிடித்தது. உன் படத்தை எடுக்க வேண்டும் என்று உன் மனைவியிடம் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை வழக்கம்போல் அவள் பூவோடு வந்தாள். இயந்திரங்களின் இயல்பு பற்றி ஒரு முன்னுரையோடு ஆரம்பித்தேன்.

"அண்ணே, கோர்ட்டுல பேசுற மாதிரி சுத்தாதீங்க. சொல்ல வந்த விசயத்த சொல்லுங்க."

சொன்னேன். மேரி தலையைக் குனிந்துகொண்டாள். கலா உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவருதானா?" என்றாள். "வீட்டுலயும் இதே வேலதான். வேர்த்து விறுவிறுத்து வந்து ஃபேனுக்கு முன்னால நிப்பாரு. நாங்க பின்னால வெந்து சாவோம். காத்த மறிக்காதீங்க, காத்த மறிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள், மச்சான். நீ போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். மேரியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கலா அழுதாள்; அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளே குனிந்து உன்னை இரு கைகளாலும் தூக்கினாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அது மூச்சு விடட்டும்."

நான் துணியை எடுத்தேன். சிறிது நேரத்தில் அந்த இரைச்சல் அடங்கியது. அடங்கிய பிறகுதான், வெளியே பஸ்காரர்கள் கூவுவது கேட்டது. மேரி ஒரு பெயரைத் தட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் தேநீருக்கு எழுந்தாள். பாதியில் அப்படியே நின்றாள். "சேர், வந்திருச்சு!"

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை ரத்துச் செய்யும்படி முன்மொழிந்தவர் ஆறுமுகம் அண்ணன். "மாலை போட்டவன் நான்தான், அதனால நானே சொல்றேன்" என்றார்.

இப்போது நீ எதிர்ச் சுவரில் இருக்கிறாய். அங்கிருந்து பார்த்தால் பெட்டியின் பச்சை விளக்கு உனக்கு நேராகத் தெரியும். கலா வெள்ளிக்கிழமை தோறும் உனக்குப் பூ வைத்துவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் அந்த வலையின் தூசியைத் தட்டிவிட்டுப் போகிறாள். இரண்டும் ஒரே வேலை போலத்தான் செய்கிறாள்.

நிறைவேற்ற முடியாததை நான் வாக்களிப்பதில்லை, உனக்குத் தெரியும். ஆகவே பெட்டி என்றென்றும் ஓடும் என்று சொல்லமாட்டேன். ஓடும்வரை அதன் முன்னால் எதுவும் நிற்காது, நீ உட்பட. அது நிற்கும் நாளில் கலா அதன் பக்கத்தில் தனியாக இருக்கமாட்டாள். இதை உனக்கு எழுத்தில் தருகிறேன்.

தொடாதே என்று நீ எழுதியும் தொட்டுவிட்ட,
கலாவின் அண்ணன், உன் மச்சான்
சிவநேசன்