அண்ணி கடையின் மூக்கு

ஜூன் 4

காய்ச்சல் விட்ட பிறகு இன்றுதான் மீன் சந்தைக்குப் போனேன். உடம்பு பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கிறது. ஆனால் நான் படுத்தே கிடந்தால் கடைக்கு யார் மீன் வாங்குவது? நான் விழுந்து கிடந்த நாளெல்லாம் அண்ணி முட்டையை வைத்தே மதியச் சாப்பாட்டை ஓட்டியிருக்கிறாள். வாடிக்கைக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்களாம். பக்கத்துக் கடைத் தையல்காரர் மட்டும், "உங்க நாத்தனார் எழுந்து வர்ற வரைக்கும் நான் பட்டினி கிடக்கவும் தயார்" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாராம்.

சந்தையில் ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. தரையை நன்றாகக் கழுவி விட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 5

"டீயில ஏலக்காய் போட மறந்துட்டீங்களா அண்ணி?" என்று கேட்டேன். "மூணு தட்டிப் போட்டிருக்கேன். உனக்கு இன்னும் காய்ச்சல் விடல, போய்ப் படு" என்றாள்.

ஜூன் 6

போச்சு. மூக்கு போச்சு.

அண்ணி குளிக்கப் போயிருந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற டப்பாவையெல்லாம் திறந்து முகர்ந்து பார்த்தேன். காப்பித்தூள் – இல்லை. கிராம்பு – இல்லை. சோப்பு – கல் மாதிரி இருக்கிறது. பினாயில் பாட்டிலைத் திறந்து மூக்குக்குள் விடாத குறை. கண் எரிந்தது, வாசனை மட்டும் வரவில்லை. கடைசியில் நேற்று மீன் சுற்றி வந்த தாளைக் குப்பையிலிருந்து எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

யாரிடம் போய்ச் சொல்வது? தொழிற்சாலையை மூடியபோது பெட்டி கட்டும் வேலை போய், மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவள் நான். அப்போது அண்ணிதான் கூப்பிட்டாள். "வா, சாப்பாட்டுக் கடை போடலாம். எனக்குச் சமைக்கத் தெரியும், மீன் பாக்கத் தெரியாது. எவ வேணா என் தலையில கட்டிடுவா. உன் மூக்கு இருக்கே, அது போதும்." அண்ணன் லாரியோடு போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. கடை எங்கள் இருவர் கையில்தான் ஓடுகிறது. அவள் கை, என் மூக்கு. மூக்கு இல்லாத நான் அங்கே எதற்கு? பாத்திரம் கழுவ ஆளா கிடைக்காது?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. கெட்டுப்போனதை வாங்கி வந்து ஒருவர் தட்டில் வைத்துவிட்டால்?

சொல்லிவிடத்தான் வேண்டும். வாய் வரவில்லை. இரண்டு நாளில் தானாக வந்துவிடும். வந்துவிடும்.

ஜூன் 8

வரவில்லை.

பஸ்ஸில் கூடையோடு உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான். அது பழகிப்போன விஷயம். இன்று ஒரு பெண் உட்கார வந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போய்விட்டாள். முன்பெல்லாம் இதற்குச் சிரிப்பேன். இன்று கையை முகர்ந்து பார்த்தேன். அவளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. நாறுகிறேனா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டேன்!

ஜூன் 10

மூக்கு போனதும் கண் திறந்துகொண்டது. சந்தையில் மற்றவர்கள் எப்படி மீன் வாங்குகிறார்கள் என்று இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நின்று பார்க்கிறேன்.

ஒரு பெரியவர் மீனின் கண்ணை மட்டும் பார்க்கிறார். பெண் பார்க்க வந்த மாதிரி குனிந்து, நிமிர்ந்து, ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். ஒருத்தி வயிற்றை அழுத்திப் பார்க்கிறாள், அழுத்தின இடம் குழியாக நின்றால் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். ஒரு ஆள் ஈயைத் தேடுகிறான். ஈயே வேண்டாம் என்று ஒதுங்கின மீனில் மருந்து போட்டிருக்கிறார்கள் என்பது அவன் கட்சி. இன்னொரு அம்மாள் எதையும் தொடுவதில்லை. "இன்னிக்கு வந்ததா?" என்று கேட்பாள். இன்றைக்கு வந்தது இல்லை என்று எந்த மீன்காரி சொல்லியிருக்கிறாள்? ஆனாலும் அந்தப் பதிலைக் காதால் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி. முக்கால்வாசிப் பேர், கூட்டம் எந்தக் கூடையைச் சுற்றி நிற்கிறதோ அங்கே போய்த் தாங்களும் நிற்கிறார்கள்.

இவர்களையெல்லாம் பார்த்து எவ்வளவு கேலி செய்திருப்பேன். ஒரு தடவை குனிந்தால் எனக்குப் போதும், பத்துக் கூடையில் எது நல்லது என்று மூக்கு சொல்லிவிடும். அந்தத் திமிர்தான் இப்போது குத்துகிறது.

ஜூன் 13

வழி கிடைத்துவிட்டது! மூக்குக்கண்ணாடி.

சந்தைக்கு வருகிற ஒரு அம்மாளை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மீனைக் கையில் எடுத்து, செவுளைத் திறந்து, மூக்கருகே வைத்து, திருப்பிப் போட்டு, மறுபடி எடுத்து – ஒரு மீன் வாங்குவதற்குள் மீன்காரிக்கு உயிர் போய்விடும். அவள் வருவதைப் பார்த்தாலே சிலர் கூடையை மூடிவிடுவார்கள். அப்படிப்பட்டவள் ஒரு கூடையில் கை வைத்தால் அது தங்கம் இல்லையா? நான் அவளுக்குப் பின்னாலேயே நிற்கிறேன். அவள் எந்தக் கூடையில் வாங்குகிறாளோ அதே கூடையில் நானும் வாங்குகிறேன்.

இன்றைய சங்கரா மீனைப் பொரித்து எடுத்ததும் தையல்காரர், "உங்க மூக்குக்குக் கோயில் கட்டணும்" என்றார். நான் காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

ஜூன் 17

எதைச் சாப்பிட்டாலும் அட்டையை மெல்லுகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அதுவரைக்கும் பிழைத்தேன்.

ஜூன் 20

இதை எழுதாமல் தூக்கம் வராது.

மூக்குக்கண்ணாடி இன்று மத்தி வாங்கினாள். ஒரு மூலையில் ஐஸுக்கு அடியில் கிடந்த மத்தி. அவள் செவுளைத் திறக்கவில்லை, முகரவில்லை. நேராகப் போய், ஒரு பை நிறைய அள்ளி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இவளே சோதிக்காமல் வாங்குகிறாள் என்றால் எவ்வளவு நல்ல மீனாக இருக்க வேண்டும்! நானும் போய் ஒரு கூடை கேட்டேன். "உங்களுக்குமா அக்கா?" என்றாள் மீன்காரி. "ஏன், எனக்குக் குடுக்கக் கூடாதா?" என்றேன் வீம்பாக. அவள் தோளைக் குலுக்கிவிட்டு அள்ளிப் போட்டாள்.

கழுவும்போது மனசு உறுத்தத்தான் செய்தது. கண் மங்கல். சிலதுக்கு வயிறு உடைந்திருந்தது. மத்தி மென்மையான மீன், வரும் வழியில் நசுங்கியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உப்பும் மஞ்சளும் அள்ளித் தடவி அண்ணியிடம் கொடுத்தேன்.

அண்ணி முதல் தட்டைப் பொரித்து வைத்ததும் அதை எடுத்துக்கொண்டு போய்த் தையல்காரர் முன்னால் வைத்தவள் நானேதான். அடுத்த ஈட்டை எண்ணெயில் போட்டபோதுதான் அந்த நாற்றம் அவள் மூக்கில் ஏறியிருக்கிறது. அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவர் வாய்க்குக் கொண்டுபோன கையைத் தட்டிவிட்டு, தட்டையே பிடுங்கிக்கொண்டாள். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இன்னிக்கு மீன் இல்ல. எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. முட்டைதான்" என்றாள். குரல் ஏறவே இல்லை.

மதியக் கூட்டம் போன பிறகு பின்பக்கக் குழாயடிக்கு வந்தாள். "என்னடி வாங்கிட்டு வந்திருக்க? குப்பைக்குப் போறதைக் கடைக்குக் கொண்டாந்திருக்க. உனக்கா தெரியல? உனக்கா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காய்ச்சல், ஏலக்காய், பினாயில், மூக்குக்கண்ணாடி, எல்லாம். அவர் வாய் வரைக்கும் போயிடுச்சே அண்ணி, வாய் வரைக்கும் போயிடுச்சே – அதையே திரும்பத் திரும்பச் சொன்னேனாம். நான் நின்னுக்கிறேன் அண்ணி, வேற யாரையாவது பாத்துக்கோங்க என்றும் சொன்னேன்.

அண்ணி குழாயை மூடினாள். "யாரு கடைய விட்டு யாரு நிக்கிறது? பாதிக் கடை உன்னுது. மூக்கு போனா மூக்கு போச்சுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே? நான் என்ன உன் மூக்கையா கட்டிக்கிட்டு வந்தேன்?" என்றாள். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மீந்துபோன முட்டையைப் பிசைந்து ஊட்டினாள். ருசி தெரியவில்லை. அழுதுகொண்டே முழுசும் சாப்பிட்டேன்.

ஜூன் 21

இன்று யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். கடை திறந்ததும் முதல் ஆளாகத் தையல்காரர் வந்து உட்கார்ந்தார். "நேத்துப் பிடுங்கின தட்டை இன்னிக்குக் குடுங்க" என்றார். அண்ணி சிரித்துவிட்டாள். "கெட்டதைப் பிடுங்குற கடையில குடுக்கிறது நல்லதாத்தான் இருக்கும்" என்று அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

சந்தையில் மூக்குக்கண்ணாடியை நேராகவே கேட்டுவிட்டேன், நேற்று அந்த மத்தியை ஏன் வாங்கினீர்கள் என்று.

"அதுவா? அது பூனைக்கு! வீட்டுல ஒரு பட்டாளமே இருக்கு. முந்தின நாள் மிஞ்சினதைக் கேட்டு வாங்கி வேகவெச்சுப் போடுவேன். போற வழியில திரும்பிப் பாத்தா நீங்க ஒரு கூடை வாங்குறீங்க, நான் அசந்துபோயிட்டேன். இவங்க வீட்டுல எத்தனை பூனையோன்னு!"

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு நானும் சிரித்தேன். காய்ச்சலுக்குப் பிறகு சிரித்தது இன்றுதான்.

ஜூன் 23

டாக்டரிடம் அண்ணியே இழுத்துக்கொண்டு போனாள். காய்ச்சலில் மூக்கு நரம்பு அடிபட்டிருக்கிறது, பெரும்பாலும் திரும்பிவிடும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். காலையும் மாலையும் எலுமிச்சை, கிராம்பு மாதிரி நாலு வாசனையை நிதானமாக முகர்ந்து பழக வேண்டுமாம். "கருவாடு சேத்துக்கலாமா டாக்டர்?" என்று அண்ணி கேட்டாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்து, "தாராளமா" என்றார்.

ஜூன் 25

இப்போது அண்ணியும் சந்தைக்கு வருகிறாள். கண்ணும் விரலும் என்னுடையது, மூக்கு அவளுடையது. நான் செவுளைத் திறந்து காட்டுவேன், அவள் முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள் அல்லது சுளிக்கமாட்டாள். எண்ணெய்ப் புகையில் பாதி மழுங்கின மூக்கு, நல்ல மீனுக்கும் சுளிக்கிறது. பேரம் பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தத் தெரியவில்லை. மீன்காரி என்னிடம் மெதுவாக, "மூக்குக்கண்ணாடியே தேவலை" என்றாள்.

ஜூலை 2

கருவாடு – ஒன்றுமில்லை. மரத்துண்டு.

ஜூலை 11

இன்றும் இல்லை. வராமலே போனால்? ஆனால் முன்பு மாதிரி டப்பாக்களைத் திருட்டுத்தனமாக முகர வேண்டியதில்லை. அண்ணியிடம் சொல்லியாகிவிட்டது. அதுவே பாதி மருந்து.

ஜூலை 19

எங்கிருந்து ஆரம்பிப்பது!

அண்ணிக்குக் கால் வலி, அதனால் சந்தைக்குத் தனியாகப் போய், கண்ணையும் விரலையும் நம்பி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழக்கம் போலப் பக்கத்து இருக்கை காலி. ஜன்னல் ஓரம், கூடை மடியில், கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டேன். திடீரென்று யாரோ என்னமோ நாற்றத்தை பஸ்ஸுக்குள் கொண்டுவந்துவிட்ட மாதிரி இருந்தது. சே, யாருடா இது என்று எரிச்சலோடு திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்தான்! என் கூடை, என் கை, என் சேலை!

கையை முகர்ந்தேன். மீன். மறுபடி முகர்ந்தேன். மீன்தான், சொட்டச் சொட்ட மீன். கொஞ்சம் ஏறி இறங்கி, தூரத்தில் பாட்டு கேட்கிற மாதிரி, ஆனால் மீன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. கண்டக்டர் வந்து, "என்னம்மா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றார். "நாறுது சார்" என்றேன். "ஆமாம்மா, தினமும்தான்" என்றார் பாவமாக.

இறங்கி ஓடினேன். அண்ணி அடுப்படியில் இருந்தாள். "அண்ணி, நான் நாறுறேன்!" என்று கத்தினேன். கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு கருவாட்டு டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். நான் முகத்தைச் சுளித்தேன். அவ்வளவுதான், என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து எழுந்து வந்துவிட்டார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணி சொன்னது இதுதான்: "சரி சரி, முதல்ல போய்க் குளி."

ஜூலை 24

டீயில் ஏலக்காய். மூன்று தட்டிப் போட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 3

மூக்கு முழுசாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். காப்பி இன்னும் ஏமாற்றுகிறது. மீன் ஏமாற்றவில்லை. ஆனால் இப்போது முகர்ந்ததோடு விடுவதில்லை. கண்ணைப் பார்க்கிறேன், வயிற்றை அழுத்துகிறேன், ஈயைக்கூட ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன். மூக்குக்கண்ணாடிக்கும் எனக்கும் இப்போது நல்ல பேச்சு வார்த்தை. நாங்கள் இருவரும் சேர்ந்து வந்தால் மீன்காரிகள் நெற்றியில் அடித்துக்கொள்கிறார்கள்.

இன்று சங்கரா பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. புதுசாகக் குடித்தனம் வைத்தவள் போல ஒரு சின்னப் பெண், கையில் மடிப்புக் கலையாத பை. நான் நகர்ந்தால் நகர்கிறாள், நின்றால் நிற்கிறாள். நான் எந்தக் கூடையில் கை வைக்கப் போகிறேன் என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாங்கி முடித்துவிட்டு அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கினேன். "இது மனுஷங்களுக்கு வாங்கினதுதாம்மா," என்றேன், "தைரியமா எடு."