குழிக்குள் நிற்கும் அமெரிக்கக் கடிகாரம்

என்னங்க,

நீங்கள் இருந்தபோதும் இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போதும் உங்கள் பேரைச் சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. உங்கள் கடிகாரம் நன்றாக ஓடுகிறது. அதை வைத்து இங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணி சீமைக்குக் கப்பலேறும்போது, பனி ஏறி நின்றுபோனது என்று அதைத் தொழிற்சாலைத் தச்சரான உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் தகப்பனார் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாம். தூக்கி வந்தால், நம் லயத்து வரிசை வீட்டுக் கூரையைவிட அது உயரம்!

"உச்சிய அறுத்துடுங்கண்ணே" என்றான் பக்கத்து வீட்டு முத்தையா.

உச்சியில் இரண்டு அன்னங்கள் எதிரெதிரே கழுத்தை வளைத்தது போன்ற வேலைப்பாடு. அதைத் தடவிப் பார்த்தீர்கள். "செஞ்சவன் கை நோகச் செதுக்கியிருக்கான். நம்ம கூரை குட்டைன்னா அது என்னடா செய்யும்?" என்று மண்வெட்டியை எடுத்துத் தரையைத் தோண்டி, அந்தக் குழிக்குள் அதை நிறுத்தினீர்கள்.

உள்ளே பித்தளைச் சக்கரங்கள் இருக்கும் என்று பார்த்தோம். சக்கரங்கள் அத்தனையும் மரம். ஈரத்தில் ஊதி, பல்லோடு பல் இறுகியிருந்தன. அடுப்போரம் வைத்துப் பதமாக உலர்த்தினீர்கள். உடைந்த ஒரு பல்லுக்குக் கொய்யா மரத்தில் புதிதாகச் செதுக்கிப் பதித்தீர்கள். அது ஓடத் தொடங்கிய அன்று நீங்கள் சாப்பிடவே மறந்தீர்கள்.

போன மாதம் புதுத் துரை ஒரு விருந்தாளியோடு இதைப் பார்க்க நம் வீட்டுக்கு வந்தார். விருந்தாளி கடிகாரத்தின் முன் மண்டியிட்டே பார்த்தார். குழிக்குள் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"இந்த வீட்டுக்கு மட்டும் கூரைய ஒசத்தச் சொல்றேன்" என்றார் துரை.

கூரை ஒழுகுகிறது என்று எத்தனை தடவை நாம் பங்களா வாசலில் போய் நின்றோம்!

"வேணாங்க தொரை. ஒசத்துனா வரிசை முழுக்க ஒசத்துங்க" என்றேன்.

"அப்ப கடிகாரத்த எடுத்துட்டுப் போவேன். அது பங்களா சாமான்."

உங்கள் கைவேலை அல்லவா அதற்குள் இருக்கிறது?

"எடுத்துக்கங்க தொரை. முத்தையா மக மழையில நனைஞ்சு கெடக்கயில எனக்கு மட்டும் புதுக் கூரை வேணாம்."

முத்தையா உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றான். பின்னாலேயே வரிசைப் பெண்களும் வந்தார்கள். துரை விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நான் செய்தது சரிதானா? அன்று முழுக்க உங்களையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் ஆட்கள் வந்தார்கள். கடிகாரத்தைத் தூக்கத்தான் என்று நினைத்து, அதைத் துடைத்து, அதன் கதவைச் சாத்தி வைத்தேன். அவர்கள் கையில் அளவு நாடா இருந்தது. வரிசையின் கோடி வீட்டிலிருந்தே கூரைகளை அளக்கத் தொடங்கினார்கள்.

நேற்று முத்தையா வீட்டில் உயர்த்திய சுவர்மேல் புதுத் தகரக் கூரை ஏறியது. அவன் மகள் எம்பி எம்பிக் குதித்தாள். கை கூரையில் படவே இல்லை. அவள் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

நம் வீட்டைக் கடைசியாக வைக்கச் சொல்லிவிட்டேன். அதுவரை கடிகாரம் குழிக்குள்ளேயே ஓடட்டும். தினமும் அதன் கயிற்றை இழுத்து எடையை ஏற்றுவேன். ஈரம் அண்ட விடமாட்டேன். கவலைப்படாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
செல்லம்மா